அண்ணன்மாருக்க வீட்டுல

குலசேகரத்தில் இருந்து ஒரு மனுஷன் ரெண்டு பஸ் மாறி மயிலாடிக்கு இங்கிலீஷ் படிக்க வருவானா? அதுவும் ஐம்பத்தெட்டு வயசில்? நாராயணபெருமாளின் மண்டையை இந்தக் கேள்வி மூன்று நாளாகக் குடைந்துகொண்டிருந்தது. குலசேகரத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆளா கிடையாது?

மகள் அஜிஷா வீட்டு மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தினாள். லண்டனுக்கு நர்ஸாகப் போகத் துடிக்கும் ஜினிஷா, துபாய் விசாவுக்குக் காத்திருக்கும் ஷாஜன் என்று ஐந்தும் இளவட்டம். ஆறாவதாகத்தான் இந்தக் கிருஷ்ணமணி வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட வேட்டி, பாக்கெட்டில் ரெண்டு பேனா, முன் பெஞ்சு.

மாடிக்குக் கீழே நாராயணபெருமாளின் பெயின்ட் கடை. எதிரே சிலை செய்கிற பட்டறை. கல் அறுக்கிற மெஷின் ஓடும்போது மாடியில் மகள் பேசுவது ஒரு வார்த்தை கீழே கேட்காது. ஆனால் கிருஷ்ணமணியின் குரல் இருக்கிறதே, அது கோயில் கொடை விழாவுக்குக் கட்டுகிற குழாய் ரேடியோ மாதிரி. எந்த மெஷினும் அதன் கிட்டே நிற்க முடியாது.

"இந்த வாரம் பாடம் என்னன்னா அப்பா, அண்ணனுக்க வீட்டுல, அண்ணன்மாருக்க வீட்டுல, அண்ணன்மாருக்க வீடுகள்ல... இதையெல்லாம் இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லணும்னு" என்று காலையில் தோசை தின்னும்போது அஜிஷா சொல்லியிருந்தாள். ஒரு அண்ணனென்றால் எழுத்துக்கு மேலே போடுகிற அபாஸ்ட்ரபி என்கிற கொம்பு ஒரு இடத்தில் வருமாம், நாலு அண்ணனென்றால் வேறு இடத்தில் வருமாம். அண்ணன் தம்பி என்று வந்தாலே கொம்பு முளைக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு மாடியில் இருந்து அந்தக் குரல் இறங்கியது.

"ஹவ் மெனி கேசஸ் ஆன் யுவர் ப்ரதர்ஸ் லேண்ட்ஸ்?"

நாராயணபெருமாள் டிஸ்டெம்பர் டப்பாவை அப்படியே கீழே வைத்தார். பத்தாம் கிளாஸ் இங்கிலீஷ் போதும், 'கேஸ்' என்றால் என்னவென்று தெரிய. அவருக்கு அனுபவம் வேறு உண்டு.

"ஏட்டி, கேட்டியா? எனக்க தம்பிக்க நெலத்து மேல எத்தன கேசு கெடக்குன்னு கேக்கான்!"

மனைவி முத்துக்கனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாடமா இருக்கும்."

"பாடத்துல எவனாவது கேசு வைப்பானா? பூனை, எலி, பந்துன்னுல்லா வைப்பான்!"

மறுநாள் குரல் இன்னும் ஒரு படி மேலே போனது. "ஹூ ட்ரிங்க்ஸ் இன் யுவர் அங்கிள்ஸ் ஹவுசஸ்?"

"இப்ப என்ன சொல்லுக? மாமன்மாருக்க வீட்டுல எவன் குடிப்பான்னு கேக்கான். உனக்க அண்ணன்மாரத்தான் கேக்கான்!"

முத்துக்கனியின் முகம் இப்போதுதான் மாறியது. "நம்ம தரகரு ஒரு எடம் சொன்னாருல்லா? பையன் பேரு சுதன், கோயம்புத்தூர்ல இன்ஜினியரு. நல்லா விசாரிச்சிட்டுத்தான் படி கேறுவாவன்னு சொன்னாரு. அது எந்த ஊரு?"

"குலசேகரம்" என்றார் நாராயணபெருமாள். சொன்ன பிறகு அவருக்கு வேர்த்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் டீக்கடை, பலசரக்குக் கடை, எதிர்வீடு என்று நாலு இடத்தில் விசாரிக்காமல் எந்த வீட்டாரும் வரமாட்டார்கள். அஜிஷாவுக்கு வந்த மூன்று இடங்கள் அந்த விசாரணையில்தான் கலைந்துபோயின. பிள்ளையைப் பற்றி ஒரு சொல் குறை கிடையாது. 'தகப்பனும் சித்தப்பனும் ஒரு பலாமரத்துக்காகப் பத்து வருஷமா கோர்ட்டு கேறுகாவ' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதோடு முடிந்தது. அவளுக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது. நான்காவது இடமும் போனால் அதற்குக் காரணம் தன்னுடைய வீம்புதான் என்பது அவருக்குத் தெரியும். கொஞ்ச நாளாக மகளின் முகத்தை நேரே பார்க்கவே கூச்சமாக இருந்தது.

"பிள்ளைக்கிட்ட ஒண்ணும் சொல்லாண்டாம், பயந்துரும்" என்றார். "நான் பாத்துக்கிடுகேன்."

அவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்ததில்தான் எல்லாம் கெட்டது.

முதலில் உபசாரம். பதினொரு மணிக்குக் கிருஷ்ணமணிக்கு மட்டும் ஏலக்காய் டீயும் ஒரு தட்டு ஏத்தவாழைக்காய் வற்றலும் மாடி ஏறின. அந்த மனுஷன் தட்டைப் பார்த்து, அஜிஷாவைப் பார்த்து, ஏதோ லஞ்சக் கேசில் மாட்டியவர் போலத் தட்டைத் தள்ளி வைத்தார். "வேண்டாம், வேண்டாம். டீச்சரு தப்பா எடுத்துக்கிடுவாவ."

"பாத்தியாட்டி, கைய நனைக்க மாட்டேங்கான்" என்று நாராயணபெருமாள் மனைவியிடம் வந்து புலம்பினார். "விசாரணை முடியுற வரைக்கும் நம்ம வீட்டுத் தண்ணி குடிக்க மாட்டான். சரியான ஆளு!"

இதற்குள் ஷாஜன் கோபித்துக்கொண்டான். "டீச்சர், பீசு எல்லாருக்கும் ஒண்ணுதானே? வத்தலு மட்டும் என்ன அவருக்கு?"

அடுத்தது கேசு. கேசை ஒரு நாளில் தீர்க்க முடியாது, ஆனால் தம்பியோடு பேச்சுவார்த்தை இருப்பதாகக் காட்டலாமே! நாராயணபெருமாள் ஒரு மட்டி வாழைப்பழக் குலையைத் தூக்கிக்கொண்டு, ஆறு வருஷத்துக்குப் பிறகு தம்பி தாணுலிங்கத்தின் வீட்டுக்குப் போனார்.

தாணுலிங்கம் குலையையும் பார்த்தார், அண்ணனையும் பார்த்தார். "என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்லடே. ஒரு வயித்துப் பிள்ளையளுல்லா நாம. சும்மா வந்தேன்."

"சும்மாவா?"

"சும்மாத்தான். நீயும் நம்ம வீட்டுக்கு வந்து போ மக்கா. நாலு பேரு பாக்க வா."

அண்ணன் தெருமுனை திரும்புவதற்குள் தாணுலிங்கம் வக்கீலுக்குப் போன் போட்டார். "சாரே, எனக்க அண்ணன் பழக்குலையோட வந்து சிரிச்சிட்டுப் போறான். நம்ம பக்கம் தீர்ப்பு வந்தாச்சா? இல்ல, அவன் மரத்த ஆருக்காவது வித்துட்டானா?" வக்கீல் ஒன்றும் தெரியாது என்றார். சந்தேகம் இரட்டிப்பானது. குலசேகரத்தில் இருந்து ஒரு ஆள் தினமும் அண்ணன் வீட்டு மாடிக்குப் போய் வருகிறான் என்று டீக்கடையில் கேள்விப்பட்டதும் தாணுலிங்கத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆள் மரக்கச்சவடக்காரன்தான், பலாமரத்துக்கு விலை பேச வருகிறான்!

திங்கட்கிழமை தாணுலிங்கம் அட்வான்ஸ் பீசோடு வந்து வகுப்பில் சேர்ந்தார். முன் பெஞ்சில், கிருஷ்ணமணியை ஒட்டி உட்கார்ந்தார்.

"சித்தப்பா, நீங்களா!" என்றாள் அஜிஷா.

"ஏன் மோளே, நான் இங்கிலீஷ் படிக்கப்பிடாதா?"

தம்பி மாடியேறியதை நாராயணபெருமாள் பார்த்துவிட்டார். கடையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடி, ஜன்னலுக்கு வெளியே நின்றார். அன்றைக்குப் பார்த்து எதிர்ப்பட்டறையில் கரன்ட் இல்லை. ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று அஜிஷா சொன்னாள்.

"ஐ லிவ் இன் மை பேரன்ட்ஸ் ஹவுஸ்" என்றாள் ஜினிஷா.

"குட். சித்தப்பா?"

தாணுலிங்கம் எழுந்தார். கிருஷ்ணமணியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "த ஜாக் ட்ரீ இஸ் இன் மை லேண்ட்."

ஜன்னலுக்கு வெளியே நின்றவருக்குப் பெண் கல்யாணம், விசாரணை, பழக்குலை எல்லாம் ஒரு நொடியில் மறந்துபோனது. "நோ!" என்று கத்திக்கொண்டே உள்ளே பாய்ந்தார். "இன் மை ஃபாதர்ஸ் லேண்ட்!"

"உனக்க ஃபாதர் எனக்கு ஆருலே? மை ஃபாதர்ஸ் சன்ஸ் லேண்ட்!"

"மூத்த சன்னு ஆருலே?"

"அப்பனுக்க மரத்துல மூத்தவன் எளயவன் உண்டா? பலாச்சக்கைய பத்து வருஷமா ஒத்தைக்குத் தின்னது ஆரு?"

"தின்னேனா? ஸ்டே ஆர்டர் வாங்கி அழுகிப்போவ விட்டது நீயில்லா!"

பெஞ்சு சாய்ந்தது. போர்டு விழுந்தது. ஷாஜன் ஒரு பக்கமும் ஜினிஷா ஒரு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். தாணுலிங்கத்தைச் சமாதானம் சொல்லிக் கீழே கூட்டிக்கொண்டு போனாள் அஜிஷா. மற்றவர்களும் பின்னாலேயே இறங்கிவிட்டார்கள்.

மாடியில் மிஞ்சியது ரெண்டே பேர். கிருஷ்ணமணி நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். நாராயணபெருமாளுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. பாவி, என் வாயாலேயே கெடுத்தேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கிட்ட இனி மறைச்சு என்ன செய்ய? கேசு உண்டு. பத்து வருஷமா உண்டு. எனக்க மச்சினன்மாரு ரெண்டு பேரும் குடிப்பானுவ. அதுவும் உள்ளதுதான். ஆனா எனக்க மவ தங்கம். இந்தக் கூத்து ஒண்ணுலயும் அவளுக்குப் பங்கு கெடையாது. நாளைக்கே அந்த மரத்த தம்பிக்கு எழுதிக் குடுத்துருகேன். எங்கள வச்சு அவள வேண்டாம்னு மட்டும் சொல்லிராதீங்க."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிருஷ்ணமணி வாசல்பக்கம் எட்டிப்பார்த்து, டீச்சர் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு அந்தக் குழாய் ரேடியோக் குரலை முதல்முறையாகத் தணித்து, நாராயணபெருமாளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எங்கன அண்ணாச்சி வேண்டாம்னு சொல்ல? விசாரிக்க வந்த நான்லா மாட்டிக்கிட்டேன். டீச்சரு கேக்குற கேள்விய ஒருதடவ சத்தமாத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் நான் பதில் சொல்லணும். வந்த நாள்ல இருந்து எனக்க அண்ணன்மாருக்க வீடு, மாமன்மாருக்க வீடுன்னு ஒண்ணு விடாம டீச்சரு விசாரிச்சாச்சு... எனக்க பையன் சுதன் பாஸா ஃபெயிலான்னு மட்டும் உங்க மவளுக்கிட்டக் கேட்டுச் சொல்லுங்க!"