ஸ்கேனை வெளிச்சத்தில் பிடிப்பவர்

மூளையில் ரத்தம் கசிந்து ஒருவர் படுத்துவிட்டால், அவர் எப்போது எழுவார் என்று டாக்டருக்கு முன்பே சொல்லிவிடும் ஓர் இனம் நம்மிடையே உண்டு. சாத்துக்குடிப் பையோடு வரும். நலம் விசாரிக்காமல் நேரே ஸ்கேனைக் கேட்கும். வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, படம் தலைகீழாக இருப்பதைக் கவனிக்காமல், "ம்ம்" என்று தலையசைக்கும். அந்த "ம்ம்" எந்த மருத்துவக் கல்லூரியிலும் பாடமில்லை.

சுருளிப்பட்டி உரக்கடைக்காரர் பலவேசம் இந்த இனத்தில் முதல் வரிசைக்காரர். அவருடைய உறவுக்காரர், திராட்சை விவசாயி கருத்தக்கண்ணன், பந்தலடியில் சுருண்டு விழுந்து, வலப்பக்கம் அசையாமல், பேச்சும் போய் தேனி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மனைவி மாயக்காளுக்கு ஒரே கேள்வி. தோட்டத்தைக் குத்தகைக்கு விடுவதா, வைத்துக்கொள்வதா?

"இப்பவே சொல்ல முடியாதும்மா. ஒரு வருசம் கழிச்சும் தேறுனவுக இருக்காக. பயிற்சிய மட்டும் விட்ராதீக" என்றார் டாக்டர் தேவயானி.

இதெல்லாம் ஒரு பதிலா? பலவேசத்தைக் கேளுங்கள்.

"மூணு மாசம், ஆத்தா. அதுக்குள்ள எந்திரிக்கலைன்னா அப்புறம் கெடையாது. கூடலூர்ல என் சகலைக்கும் இதே எடம், இதே அளவு."

"அவுகளுக்கும் தானா ரத்தம் கசிஞ்சதாண்ணே?"

"இல்ல, அவரு பைக்குல இருந்து விழுந்தாரு. இருந்தாலும் தலை தலைதானே."

மூன்று மாதம் போயிற்று. கருத்தக்கண்ணன் எழவில்லை. பலவேசம் குத்தகைக்கு ஆளையே கூட்டி வந்துவிட்டார். மாயக்காள் அடுப்படிக்குள் போய் அழுதாள். பிறகு முகம் கழுவி, வந்தவருக்கு மோர் கொடுத்து, "அவுக தோட்டம். அவுக வாயால சொல்லட்டும்" என்று அனுப்பிவிட்டாள். தினம் இரு வேளை கணவரின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினாள்; டம்ளரையும் செருப்பையும் காட்டிப் பெயர் சொல்லச் சொன்னாள்.

ஏழாம் மாதம் அவரை நாற்காலியோடு தோட்டத்துக்குத் தூக்கிப் போனார்கள். ஆட்கள் கத்தரியோடு கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். நெடுநேரம் பார்த்தவர் வாயைக் கோணி, "ஒட்ட... வெட்டாத" என்றார். கத்தரிகள் நின்றன. மாயக்காள் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

இப்போது இரண்டாம் வருடம். கோலூன்றி வரப்பு வரை நடக்கிறார். வலக்கை இன்னும் பட்டன் போடாது. சில நாள் வெங்காயத்தை பஸ் என்கிறார். தோட்டம் கையை விட்டுப் போகவில்லை. "இன்னும் தேறலாம்" என்கிறார் டாக்டர். எவ்வளவு என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

பலவேசம் வெட்கப்பட்டார் என்றா நினைக்கிறீர்கள்? "நான் அன்னைக்கே சொன்னேன்ல, மாப்ள. வர்ற தையில நீ பைக்கே ஓட்டுவ."

கருத்தக்கண்ணன் சொற்களைத் தேடிப் பிடித்து, "நீ... எப்பக் கெளம்புவ?" என்றார்.

"பத்து நிமிசத்துல."

ஒரு மணி நேரம் இருந்தார்.

சிரிக்கிறீர்கள். போன மாதம் நீங்களும் ஒரு வார்டுக்குப் போனீர்களே, ஸ்டூலில் உட்காருமுன்பே, "பொங்கலுக்குள்ள நடந்துருவாரு, பாருங்க" என்று சொன்னது யார்? அன்பில்தான் சொன்னீர்கள், தெரியும். பலவேசமும் அப்படித்தான். அந்த வீட்டு அம்மாள் காலண்டரில் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.