நாணய ஒன்றியமும் என் சாதகமும்

பயம் வந்தால் நான் உண்மை பேசிவிடுவேன். இதை நல்ல குணம் என்று நினைப்பவர்கள் என்னோடு ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும்.

கனடாவின் மொன்றியலில் என் முதுகலைப் படிப்பின் கடைசிப் படி, ஆய்வைப் பலர் முன்னிலையில் பிரெஞ்சில் விளக்குவது. தலைப்பு, பல நாடுகளுக்கான பொது நாணயத்தில் சேரத் தயாராகும் நாடுகளின் சிக்கல்கள். ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, எனக்கு நிச்சயித்திருந்த சுகந்தியின் அப்பா சென்ட் லோரன்ட் பகுதியில் தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் லீவு போட்டுவிட்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். (மருமோன் கதைக்கிறதைக் கேக்க வேணுமாம்!) கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

ஒரு நாடு விலைவாசி, பற்றாக்குறை, கடன் எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்தால்தான் சேர்ப்பார்கள்; சேர்ந்தபின் கஷ்டகாலத்தில் தன் காசின் மதிப்பைத் தானே குறைத்துச் சமாளிக்க முடியாது என்று ஒப்பித்தேன்.

பேராசிரியை கேட்டார்: "தகுதியில்லாத நாடு எப்படி உள்ளே வரும்?"

மண்டைக்குள் ஒரு வரிகூட இல்லை. படிப்பு போச்சு என்று நினைத்த நேரம், வாய் தானாகத் திறந்தது.

"எங்கள் சமூகத்தில் கல்யாணத்துக்குச் சாதகம் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பிறந்த நேரத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்பார்கள். நாடுகளும் கணக்கை அப்படித்தான் திருத்துகின்றன. என் அம்மாகூட எனக்கு இருபது நிமிடம் கூட்டி..."

அறை முழுவதும் சிரித்தது. மூன்றாவது வரிசையில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. மாமாவுக்குப் பிரெஞ்சு விளங்காது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். (இருபது வருசம் பிரெஞ்சுக்காரரோட பெட்டி அடுக்கினவர். என்னைவிட நல்லா விளங்கும்!)

பாஸ் என்று சொன்னார்கள். யாருக்கு வேண்டும் பாஸ்? கோட் மாட்டும் இடத்தில் மாமா நின்றார். கல்யாணம் முறிந்தது என்றே முடிவு செய்துவிட்டேன். அழுகை முட்டியது.

"தம்பி, இஞ்ச வாங்கோ. இதை உங்கட அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ."

"எதை மாமா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நாங்களும் பிள்ளைக்கு அரை மணித்தியாலம் குறைச்சுத்தான் குடுத்தனாங்கள்."

"ஐயோ! அப்ப பொருத்தம்?"

"கலியாண ஹோலுக்குக் காசு கட்டியாச்சு, தம்பி."

கட்டிய காசுக்காகவே கல்யாணம் நடந்தது. இன்று இரண்டு பிள்ளைகள். நாங்கள் சண்டை பிடித்தால் சுகந்தி கேட்பாள்: "இது உங்கட இருபது நிமிசத்தாலையோ, என்ர அரை மணித்தியாலத்தாலையோ?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம்.

உண்மையான நேரங்களைக் கொடுத்துப் பொருத்தம் பார்க்கும் துணிவு மட்டும் எங்கள் இருவருக்கும் இன்னும் வரவில்லை.