கவனக் காப்புக் குழுவின் முதல் தீர்ப்பு

நிர்வாகம் என்னும் மாபெரும் கலையின் உச்சத்தை மனிதகுலம் தொட்ட அந்தக் காலையில், நான் நாற்காலி மேல் ஏறி நின்று, ஜன்னல் கண்ணாடியிலிருந்து மஞ்சள் சீட்டுகளை அவசர அவசரமாக உரித்துக்கொண்டிருந்தேன். விசாரணைக்கு இன்னும் பத்தே நிமிடம்.

"சார், அதுல கை வைக்காதீங்க. என் நாலு வேலையும் அதுலதான் நிக்குது."

சொன்னவர் எங்கள் வடிவமைப்பாளர். பலகைகளும் வரைபடங்களும் தயாரிக்கும் எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பம்பரம்' என்று பெயர். கவனம் ஓரிடத்தில் நில்லாத ஏ.டி.எச்.டி. அவருக்கு உண்டென்று மருத்துவரே எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பேர்ப்பட்டவர் கையில் ஆஸ்பத்திரி வழிகாட்டிப் பலகை, பஸ் நேர அட்டவணை, நூலகக் கையேடு, மிருகக்காட்சிசாலை வரைபடம் என நான்கு பணிகள். (நான்கையும் கொடுத்தது நானே என்பது இங்கே பொருட்படுத்தத் தக்கதல்ல.) துறைத் தலைவரான எனக்குத் தூக்கம் வருமா? 'கவனக் காப்புக் குழு' அமைத்தேன். தலைவர், நான். உறுப்பினர், மனிதவள அதிகாரி அம்மா. பம்பரத்தை நான்கு பணிகளிலிருந்தும் 'விடுவித்து', பழைய கோப்புகளுக்கு எண் ஒட்டும் அறைக்கு அனுப்பலாமா என்பதே விவாதப் பொருள்.

குழு கூடியது. அறுபத்திரண்டு சீட்டுகளையும் மேசையில் கொட்டினேன்.

"இதெல்லாம் என்னம்மா?" என்று பம்பரத்தைக் கேட்டார் அதிகாரி.

"ஒரு வேலைய விட்டு எழுந்திரிச்சா எனக்கு அது மறந்தே போயிடும் மேடம். அதனால எங்க விட்டேன்னு முன்பக்கம், ஏன் விட்டேன்னு பின்பக்கம் எழுதி ஒட்டிடுவேன். திரும்பி வந்ததும் அங்கருந்தே பிடிச்சுக்குவேன்."

"அறுபத்திரண்டு தடவ எழுந்திருக்காங்க மேடம்," என்று நான் கம்பீரமாகப் பதிவு செய்தேன். "ஒரே வாரத்துல."

அதிகாரி ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். "கரடி வரைக்கும் வந்தாச்சு. கழிப்பறை இன்னும் போடல." மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "தெளிவாத்தானே இருக்கு. நாலுல எது சார் லேட்டு?"

"எதுவும் லேட் இல்ல. அதான் மேடம் கவலையே. எப்படி முடியுதுன்னு எங்க யாருக்கும் புரியல."

"சரி, ஏம்மா இத்தன தடவ எழுந்திரிச்சீங்க?"

பம்பரம் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "நான் சொன்னா மரியாதையா இருக்காது மேடம். நீங்களே திருப்பிப் பாருங்களேன்."

அதிகாரியின் விரல் சீட்டைப் புரட்டப் போனது. கடமை என்னை உந்தியது. அத்தனையையும் ஒரே அள்ளாக அள்ளிக் கோப்புக்குள் போட்டேன்.

"பின்பக்கம் அவங்க சொந்த விஷயம் மேடம். ஊழியரோட அந்தரங்கத்துல நாம தலையிடக் கூடாது."

"அதுவும் சரிதான்," என்று அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்த கூட்டம் காத்திருந்தது. இடமாற்ற உத்தரவில் கையெழுத்திட்டார்.

பம்பரம் மேசையைக் காலி செய்தார். கதவருகே நின்று, "கரடிக்கு அடுத்தது கழிப்பறை சார். மறந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டு எண் ஒட்டும் அறைக்குப் போனார்.

அறிக்கையோடு ஆதாரம் இணைக்க வேண்டுமே. கதவைச் சாத்திக்கொண்டு சீட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். இரண்டில், 'தண்ணீர் குடிக்க' என்றிருந்தது. மீதி அறுபதிலும், 'சார் கூப்பிட்டார்.'

நேர்மை தவறாத நிர்வாகி என்ற முறையில், அந்த இரண்டை மட்டும் இணைத்தேன்.