வகுத்தலுக்கு ஒரு ஞானத்தாய்

யானாபம்பா,
செப்டம்பர் 12, வெள்ளிக்கிழமை.

என்மீது அளவற்ற அன்பும் அதைவிட அளவற்ற சந்தேகமும் வைத்திருக்கும் மதிப்பிற்குரிய அக்கா எதெல்மிரா அவர்களுக்கு,

தம்பி தெயோதுலோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மலைக்குளிரில் மூக்கு ஒழுகுவதைத் தவிர நான் நலமே. லிமாவில் உங்கள் முழங்கால் வலியும் அத்தானின் பேச்சும் சற்றாவது குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இரும்புக் கடையை மூடிவிட்டு நாற்பத்தேழு வயதில் வாத்தியார் படிப்புக்குப் போன இந்தத் தம்பி, பள்ளிக்கூடப் பயிற்சியில் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாவது முறையும் தோற்றால் பயிற்சி நிறுவனம் என் பெயரை அடித்துவிடும் என்பதைத்தான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். இரண்டு முறையும் மதிப்பிட வந்தவர் சென்யோரா ஐதே. இரண்டு முறையும் ஒரே வரியைத்தான் எழுதினார்: "நாற்பத்தைந்து நிமிட வகுப்பில் நாற்பத்து மூன்று நிமிடம் இவரே பேசினார், மீதி இரண்டு நிமிடம் தண்ணீர் குடித்தார்." அநியாயம் அக்கா. தண்ணீர் குடிக்கும்போதும் கையைக் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டுதான் இருந்தேன்.

சரி, இந்த முறை யானாபம்பாவில் மூன்றாம் வகுப்பு, இருபத்து நாலு பிள்ளைகள். வகுப்பின் நிஜ டீச்சர் நெலிதா, இருபத்தெட்டு வருட அனுபவம். அந்த அம்மாள் ஒரு புருவத்தைத் தூக்கினால் இருபத்து நாலு பேரும் உட்கார்ந்துவிடுவார்கள். நான் இரண்டு புருவத்தையும் தூக்கிப் பார்த்தேன். "புரொஃபேவுக்குத் தலைவலி, சத்தம் போடாதீங்கடா" என்று ஒரு பிள்ளை எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது. அதுதான் தாமரிஸ். எட்டு வயது, இரட்டைப் பின்னல், நகராட்சித் தலைவரின் காரியதரிசிபோல் பேச்சு. முதல் வாரம் நான் வகுப்புக்கு ஒரு புதுக் குப்பைத்தொட்டி வாங்கி வந்தேன். குப்பை அதைச் சுற்றிலும் விழுந்ததே தவிர ஒன்றுகூட உள்ளே போகவில்லை. தாமரிஸைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"புரொஃபே, இதுக்கு ஞானத்தகப்பன் யாரு?" என்றாள்.

"குப்பைத்தொட்டிக்கா?"

"ஞானத்தகப்பன் இல்லேன்னா அது வெறும் வாளிதானே. வாளியில எவனாவது குப்பை போடுவானா?"

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். பந்துக்கு, கேக்குக்கு, பேருந்து நிறுத்தத்துக்குக்கூட ஞானத்தகப்பன் வைக்கிற நம் மலைநாட்டில் ஒரு தொட்டியை நான் அப்படியே மொட்டையாகக் கொண்டுவந்து வைத்தால் பிள்ளைகள் எப்படி மதிப்பார்கள்? தாமரிஸின் அப்பா, கசாப்புக்கடை தோன் அபிலியோ, கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். ரிப்பன் கட்டித் தொங்கவிட்ட பாட்டிலைச் சுத்தியலால் உடைத்தார், தொட்டிக்கு நல்ல எதிர்காலம் வேண்டினார், என்னைக் கட்டிப்பிடித்து "கொம்பாத்ரே" என்றார். ஞானத்தகப்பனுக்கும் பெற்றவனுக்கும் அதுதானே உறவு? அந்தத் தொட்டிக்கு அப்பன் நான்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் கீழே விழவில்லை.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நான் எதை எங்கே நிறுத்தியிருக்கிறேன்? கதவுத் தாழ்ப்பாளுக்கு ஒருவர், ஜன்னலுக்கு ஒருவர், பாடத்தில் வரும் பெருங்கடல் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் என்று போய், ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ரொட்டிக்கடை தோன்யா பஸ்குவாலாவை ஞானத்தாயாக்கினேன். அந்த அம்மாள் அன்று மாலையே வேலையைத் தொடங்கிவிட்டாள். ரொட்டி வாங்க வருகிற பிள்ளையிடம், "என் ஞானப்பிள்ளை சௌக்கியமா? ஏழெட்டு எவ்வளவு?" என்று கேட்பாள். சொன்னவனுக்குச் சூடான ரொட்டி, சொல்லாதவனுக்கு நேற்றைய ரொட்டி. இரண்டே நாளில் வகுப்பு முழுக்க ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடம். மூன்றாம் நாள் பாதிரியாரும் ஒப்பித்தார். நான் பயிற்சிக் குறிப்பேட்டில் "சமூகப் பங்கேற்பு" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

இப்படியாக ஒரே மாதத்தில், ஆணும் பெண்ணுமாக எனக்கு முப்பத்தொரு கொம்பாத்ரே, கொமாத்ரே. உறவென்றால் சும்மாவா? வீட்டுக்கு வீடு விருந்து, விருந்துக்கு விருந்து கினிப்பன்றி வறுவல். பயிற்சிப் படிவத்தில் "காணப்பட்ட வளர்ச்சி" என்றொரு கட்டம் இருக்கிறது. பெல்ட்டில் இரண்டு ஓட்டை என்று மனச்சாட்சியோடு எழுதலாம். ஆனால் கொம்பாத்ரேயின் பிள்ளையை அதட்ட முடியுமா, மதிப்பெண் குறைக்க முடியுமா? அது போதாதென்று கழித்தலின் ஞானத்தகப்பன், லாரி ஓட்டும் தோன் சத்துர்னினோ, பாடத்தின் நடுவில் தொப்பியோடு உள்ளே வந்தார்.

"கொம்பாத்ரே, கூட்டலுக்கு மூணு நாளு. என் பிள்ளைக்கு ஒரு நாளா? கழித்தல் என்ன, மூத்தாள் புள்ளையா?"

"அடுத்த வாரம் சேத்துப் போட்டுடறேன், கொம்பாத்ரே."

"சேத்துப் போட்டா அது கூட்டலுக்குல்ல போயிடும்?"

இந்த நிலையில்தான் நிறுவனத்திலிருந்து சீட்டு வந்தது: வியாழக்கிழமை சென்யோரா ஐதே வருகிறார், பாடம் வகுத்தல். நான் வகுத்தலுக்கு ஞானப்பெற்றோர் தேடிப் புறப்பட்டேன். ஊரில் ஒருத்தரும் சிக்கவில்லை. பாதி ஊர் பரம்பரை நிலத்துக்காகக் கோர்ட்டில் நிற்கிறது அல்லவா? தோன் அபிலியோவே கதவைப் பாதி சாத்திக்கொண்டு, "வகுத்தல்னா பாகப்பிரிவினைதானே கொம்பாத்ரே? எந்தம்பி காதுல விழுந்தா நாளைக்கே அமீனாவோட வந்துடுவான். வேற ஏதாவது கேளுங்க, பின்னம்கூட எடுத்துக்கறேன்" என்றார். பின்னம் என்றால் என்னவென்று அவருக்கு நான் சொல்லவில்லை. பிள்ளைகளோ, ஆள் இல்லாத கணக்கைத் தொடவே மாட்டோம் என்று நோட்டை மூடிவிட்டார்கள். "அது அநாதை புரொஃபே, கிட்டப் போனா நம்மளோட வந்து ஒட்டிக்கும்" என்றாள் தாமரிஸ்.

வியாழன் வந்தது. சென்யோரா ஐதே கோப்பும் கையுமாக, கழுவிக் கவிழ்த்த தட்டுபோன்ற முகத்தோடு, சின்ன நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குத் தெம்பு கொடுப்பதற்காகக் கொம்பாத்ரேகளும் கொமாத்ரேகளுமாகப் பதினோரு பேர் பின்சுவரோரம் நின்றார்கள். பஸ்குவாலா ஒரு கூடை ரொட்டியோடு வந்திருந்தாள். நான் பதினான்கு பக்கப் பாடத்திட்டத்தை எடுத்துத் தொண்டையைச் செருமினேன். அதற்குள் தாமரிஸ் எழுந்து நேரே சென்யோராவிடம் போய்விட்டாள்.

"சென்யோரா, உங்களுக்கு இந்த ஊர்ல ஞானப்பிள்ளை இருக்கா?"

"இல்ல பாப்பா. நான் மதிப்பெண் போட வந்திருக்கேன்."

"அது பாட்டுக்குப் போடுங்க. வகுத்தலுக்குத்தான் யாருமே இல்ல. ஊரே கைவிட்டுடுச்சு."

பின்னால் நின்றவர்களின் தொப்பிகள் எல்லாம் ஒன்றுபோல் கழன்றன. கோர்ட்டு வழக்கு என்ற சாக்கும் இல்லாமல், கேட்டு வந்தவரிடம் ஞானத்தாயாக மாட்டேன் என்று சொன்னவள் இந்த மலையில் எங்கே தலைநிமிர்ந்து நடப்பாள்? சென்யோரா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். "சுத்தியல் எங்க?" என்றார்.

முதல் அடிக்குப் பாட்டில் அசையவில்லை. இரண்டாவது அடி பாட்டிலைப் பிடித்திருந்த என் கட்டைவிரலில் விழுந்தது. மூன்றாவதில் பாட்டில் உடைந்து, உள்ளே இருந்த ஊதாச் சோளச் சிச்சா பானம் முழுவதும் என் பாடத்திட்டத்தின்மேல் கொட்டியது. பதினான்கு பக்கமும் ஒரே ஊதா. அக்கா, என் வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பேச ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தேன், நெலிதா டீச்சர் ஒரு புருவத்தைத் தூக்கினார், மூடிக்கொண்டேன். அந்த அமைதியில் தாமரிஸ் ரொட்டிக் கூடையைப் பார்த்தாள். எத்தனை என்று கேட்டாள். நூற்றிருபது என்றாள் பஸ்குவாலா. தலையை எண்ணினார்கள்: பிள்ளைகள் இருபத்து நாலு, பெரியவர்கள் என்னோடு சேர்த்துப் பதினாலு, ஆக முப்பத்தெட்டு. ஆளுக்கொன்றாக ஒரு சுற்று, இரண்டாவது சுற்று, மூன்றாவது சுற்று. பலகையில் ஒருவன் எழுதுகிறான், இன்னொருத்தி அழித்துத் திருத்துகிறாள், கழித்தல் வந்த இடத்தில் தோன் சத்துர்னினோ மார்பை நிமிர்த்துகிறார். கூடையில் ஆறு ரொட்டி நின்றது. இந்த ஒரு மாதத்தில் வாயே திறக்காத வில்மர் என்ற பையன் எழுந்து, "ஆளுக்கு மூணு, மீதி ஆறு. மீதிய எங்கப்பாகிட்ட காட்டாதீங்க, கேஸ் போட்டுடுவாரு" என்றான். நாற்பத்தைந்து நிமிடத்தில் நான் பேசியது மொத்தம் ஒரு வார்த்தை. அதுவும் கட்டைவிரலுக்காக.

வெளியே வந்து சென்யோரா என் கையைப் பிடித்தார். "கொம்பாத்ரே, இன்னிக்குத்தான் நீங்க வாத்தியாரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்போ கையெழுத்து, கொமாத்ரே?"

"அதான் கொமாத்ரே ஆயிட்டேனே. உறவுக்காரங்களுக்கு மதிப்பெண் போடக்கூடாதுன்னு விதி இருக்கு. திங்கக்கிழமை தோன் கிரிசாந்தோ வருவாரு. அவருக்கு உறவும் கெடையாது, சிரிப்பும் கெடையாது."

ஆகவே அக்கா, திங்கட்கிழமை பாட்டில் இல்லை, சுத்தியல் இல்லை. கொம்பாத்ரேகள் யாரும் பள்ளிக்கூடத் தெருவில்கூட நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். வாத்தியார் வாயை மூடினால்தான் பிள்ளை வாயைத் திறக்கும் என்பதை நாற்பத்தேழு வயதில் கண்டுகொண்டேன். நான் வளர்ந்துவிட்டேன். தைரியமாக அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள்.

அத்தானுக்கு என் அன்பும், மருமக்களுக்கு என் ஆசீர்வாதமும், உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட பிரார்த்தனையும்.

என்றும் உங்கள்,
தெயோதுலோ

பி.கு.: லிமா போகும் சாலையில் மறியல், பேருந்து போகவில்லை, கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. இன்று செவ்வாய். நேற்று தோன் கிரிசாந்தோ பாடம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வந்தார். அதற்குள், சுண்ணாம்புத் தூசி படக்கூடாதே என்று நிறுவனம் கொடுத்த என் பயிற்சி ஆசிரியர் அங்கியைக் கழற்றித் தாமரிஸுக்குப் போட்டுவிட்டுப் பலகைக்கு அனுப்பியிருந்தேன். நான் கடைசி பெஞ்சில் முழங்கால் காதைத் தொட, உறுதியெடுத்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். இடையில் அவர் என்னிடம் வந்து, "பதினேழை அஞ்சால வகுத்தா?" என்று கேட்டார். அப்போதும் திறக்கவில்லை. அறிக்கை இன்று காலை வந்தது: "பயிற்சி ஆசிரியை உயரம் குறைவு, வகுப்புக் கட்டுப்பாடு மிக நன்று, தேர்ச்சி. கடைசி பெஞ்சில் உள்ள வயதில் மூத்த மாணவருக்கு வகுத்தல் வரவில்லை. ஆயினும் ஒழுக்கமானவர், டிசம்பரில் நான்காம் வகுப்புக்கு அனுப்பலாம்." ஆகவே பாஸ் என்றே எல்லோரிடமும் சொல்லுங்கள். எந்த வகுப்பு என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுங்கள்.