டேப்பு அண்ணன் அனுப்ப மறுத்த ஃபைல்

காஞ்சிபுரத்தில் பேசப்பட்ட பேச்சில் பாதி டேப்பு அண்ணனின் போனில் இருந்தது. மீதிப் பாதி, அந்தப் போன் சார்ஜில் கிடந்தபோது பேசியது.

நான் வேலை பார்த்த பட்டுப் புடவைக் கடையில் அவர் மூத்த விற்பனையாளர். வாடிக்கையாளர் உட்கார்ந்ததும் தண்ணீர் கொடுப்பார், பேச்சு பதிவாகும் என்று சொல்லிவிட்டு ரெக்கார்டிங்கைத் தட்டிவிடுவார். டீக்காரர் நாளைக்கு வரமாட்டேன் என்றதற்குக்கூட அவரிடம் ஆதாரம் இருக்கும்.

ஆனால் எதையும் யாருக்கும் அனுப்பமாட்டார். ஒருமுறை வாடிக்கையாளர் குரூப்பில் புடவை விவரம் அனுப்பப் போய், மாமியார் சமையலைப் பற்றித் தான் பேசிய ஏழு நிமிடத்தை அனுப்பிவிட்டார். மாமியாரும் அந்த குரூப்பில் இருந்தார். அன்று முதல் ஷேர் பட்டனைக் கண்டாலே மனுஷனுக்கு வேர்க்கும். வேண்டியவர்கள் அவர் போனில் காதை வைத்துத்தான் கேட்டாக வேண்டும்.

ஓர் ஆவணி மாதம், வாலாஜாபாத்திலிருந்து வந்த ஓர் அம்மா மகளின் முகூர்த்தப் புடவையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். கல்யாணத்துக்கு நான்கு நாள். அவர் கேட்டது அரக்கு உடல், பச்சை பார்டர். வந்திருந்ததோ பச்சை உடல், அரக்கு பார்டர். ஆர்டர் நோட்டில் உடலின் நிறத்தை முதலில் எழுதுவது எங்கள் வழக்கம். என் கையெழுத்தில் 'பச்சை, அரக்கு' என்று இருந்தது. அந்த அம்மாதான் மாற்றிச் சொன்னார் என்று நான் சாதித்தேன்.

முதலாளி கத்தவில்லை. "நாளைக்கு பதினோரு மணிக்கு ரெக்கார்டிங்க போடுங்க" என்று டேப்பு அண்ணனிடம் சொல்லிவிட்டு, என்னிடம், "தப்பு உன்னுதுன்னா அதோட நீ வராதப்பா" என்றார். வீட்டில் மனைவிக்கு ஏழாவது மாதம்.

மறுநாள், அந்த அம்மா ஆர்டர் கொடுத்த ஃபைலை அனுப்பச் சொல்லி டேப்பு அண்ணனிடம் ஓடினேன். எம்பி3யா, வேறு ஏதாவதா என்று போன் என்னமோ கேட்கிறதாம். ஃபைல் பெரியதாம். நெட் இல்லையாம். சரி, காதை வைத்துக் கேட்கிறேன் என்றால் ஸ்பீக்கர் போய்விட்டதாம். மணி பத்தே முக்கால். என் பிழைப்பு போகப் போகிறது, இந்த ஆள் மாமியாருக்குப் பயந்து சாகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மொதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்பா. நீ சும்மா இரு" என்றார்.

போனைப் பிடுங்கினேன். அந்த அம்மாவின் பெயரில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. இரண்டையும் சேர்த்து முதலாளிக்கு அனுப்பிவிட்டேன்.

பதினோரு மணிக்கு, மறுபடி வந்திருந்த அந்த அம்மாவின் எதிரிலேயே முதலாளி முதல் ஃபைலைப் போட்டார். அந்த அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "பாடி அரக்கு, பார்டர் பச்சப்பா." அடுத்து என் குரல். "எழுதிக்கினேம்மா."

மாற்றி எழுதியது நான்தான். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அதற்குள் இரண்டாவது ஃபைல் தானாக ஓட ஆரம்பித்தது. அன்று காலை பதிவானது, டேப்பு அண்ணன் மட்டும் பேசுகிறார்.

"மொதலாளி, தப்பு என்னுதுங்க. நான்தான் மாத்திச் சொன்னேன், இவன் எழுதினான்." ஓர் இருமல். "ம்ஹூம், இன்னும் கொஞ்சம் பயந்துக்கினு சொல்லணும்." மறுபடி முதலிலிருந்து. இப்படி மூன்று தடவை.

முதலில் சிரித்தது அந்த வாலாஜாபாத் அம்மாதான். அலமாரி அலமாரியாகத் தேடி, அரக்கில் பச்சை பார்டர் போட்ட வேறொரு புடவையை எடுத்துக்கொண்டார். முதலாளி என்னிடமிருந்து ஆர்டர் நோட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டார், வேலையை விட்டுவைத்தார்.

ஒத்திகையை ஊருக்கே போட்டுக் காட்டிவிட்டேன் என்று டேப்பு அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நானோ முதலாளியிடம் கெஞ்சி அந்த இரண்டாவது ஃபைலை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்று போன் மாற்றியாகிவிட்டது. ஒவ்வொன்றிலும் நான் முதலில் ஏற்றுவது அதைத்தான். அந்த இருமல் இல்லாத போன் எனக்கு எதற்கு?