சத்தம் போடாத வண்டி

வண்டி வந்த சத்தம் கேட்கவில்லை என்பதுதான் கிளெமென்ற் மேல் விழுந்த முதல் குற்றச்சாட்டு.

கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் வீதியின் காவலரணில் நின்ற சிப்பாய் தேநீர்க் கோப்பையோடு திரும்பிப் பார்த்தபோது, முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி ஒரு குட்டி வெள்ளைப் பிக்கப் நின்றது. கோப்பை கீழே விழுந்தது. தோளில் கிடந்த துவக்கு மேலே எழுந்தது. உள்ளே இருந்த கிளெமென்ற் இரண்டு கைகளையும் தூக்கினார். பின்னால் மூன்று தட்டுக் கலியாணக் கேக் மட்டும் அசையாமல் இருந்தது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. லொறிக் குண்டு வெடித்த பயத்தில், எந்த லொறியைக் கண்டாலும் கொழும்பு ஒதுங்கி நின்ற காலம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் கரண்ட் இருக்காது. அப்படியும் கலியாணங்கள் நடந்தன, கேக்குகள் வெட்டப்பட்டன. கொட்டாஞ்சேனையில் மாக்ரெட் சுடும் கேக்கை வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் புருஷன் கிளெமென்றின் வேலை. வாடகை முச்சக்கர வண்டியில் கொண்டுபோனால் மருதானை தாண்டுவதற்குள் சீனிப்பூக்கள் உதிர்ந்துவிடும்.

ஒருகொடவத்தையில் பழைய ஜப்பான் வாகனம் விற்ற மஷூர்தான் வழி காட்டினார்.

"இது பூக்கடைக்காரன் ஓட்டின வண்டி. பெற்றோல் ஒரு சொட்டு வேணாம். கரண்ட் ஈக்கிற நேரம் வயர மாட்டி வெச்சாச் சரி. தொட்டில்ல புள்ள போற மாதிரி ஒங்கட கேக்கு போகும்."

அவர் சொன்னது பொய்யில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு போனது. பம்பலப்பிட்டி தாண்டும்போது கடல் இரைவது உள்ளே கேட்டது. காலி வீதியில் போகிற வாகனத்துக்குள் இருந்து கடலைக் கேட்கலாம் என்று கிளெமென்றுக்கு அதுவரை தெரியாது. பக்கத்தில் இருந்த மாக்ரெட் சொன்னாள்: "இதுக்குள்ள நான் கதைக்கிறது உங்களுக்கு வடிவாக் கேக்கும். இனிச் சாட்டுச் சொல்லேலாது."

ஆனால் அன்று காவலரணில் சிப்பாய்கள் சீற்றைத் தூக்கிப் பார்த்தபோது கடலுமில்லை, தொட்டிலுமில்லை. எட்டுப் பற்றரிகளும் அவற்றை இணைத்த வயர்களும் இருந்தன. ஒரு தமிழனுடைய வண்டியில்.

நாலு மணித்தியாலம் மர வாங்கில் இருத்தினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, அந்தோனியார் கோயில் சுவாமியாரின் கடிதம் எல்லாம் காட்டினார். கடைசியில் மஷூர் சுங்கக் கடதாசிகளோடு ஓடி வந்தார். கோப்ரல் ஜயசேன அவற்றைப் புரட்டிப் பார்த்தான். சிலாபத்தில் வளர்ந்தவன், தமிழ் கதைப்பான்.

"வண்டி போகலாம் ஐயா. ஆனா பற்றரி சோதிக்கணும். எட்டையும் ஒரே நாள்ல ஏலாது. ஒரு நாளைக்கு ஒண்டு. காலையில வெச்சிட்டுப் போங்க, பின்னேரம் எடுங்க."

உயிர் பிழைத்த சந்தோஷத்தில் கிளெமென்ற் ஒரு பற்றரியைக் கழற்றிக் கொடுத்து, வயரை ஒட்டுப் போட்டு, மிச்சம் ஏழு பற்றரியில் புறப்பட்டார்.

எட்டு நாளும் எட்டுப் பற்றரியும் முடிந்தன. ஒன்பதாம் நாள் அவர் சிரித்த முகத்தோடு போனார். கோப்ரல் மறுபடி முதலாவதைக் கேட்டான்.

"இது சோதிச்சது தானே, சேர்."

"போன கிழமை சோதிச்சது. ஒரு கிழமையில என்னவும் நடக்கும்."

ஏழு பற்றரியில் வண்டி கேக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். திரும்பி வரத் திணறும். கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் தினமும் தள்ளவேண்டி வந்தது. தள்ளுவதற்குப் பக்கத்து வீட்டு பேர்னாட் வருவார், கூடவே ஆலோசனையும் வரும்.

"இவங்கள் உன்னை விடமாட்டாங்கள். பேசாமக் கனடாவுக்குப் போ."

மஷூர் வேறு ஆலோசனை சொன்னார். "ஒண்டு கூடப் போடுவம். அவன் ஒண்ட எடுத்தாலும் ஒங்களுக்கு எட்டு ஈக்கும்."

மறுநாள் கோப்ரல் விரலை மடக்கி எண்ணினான். "ஒம்பது. கூடியிருக்கு ஐயா. பற்றரி கூடினாச் சந்தேகமும் கூடும்தானே." இரண்டைக் கழற்றச் சொன்னான்.

கிளெமென்ற் இரவில் நித்திரை கொள்ளவில்லை. சந்தேகப்பட்டவர்களின் பட்டியலில் தன் பெயர் ஏறிவிட்டது என்றே நம்பினார். மாக்ரெட் ஒவ்வொரு நாளும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி ஏற்றினாள்.

யோசித்து யோசித்து அவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். வண்டிக்குச் சத்தமில்லை, சத்தமில்லாததை யார் நம்புவார்கள்? அதே தெருவில் இருந்த பேதுருவின் டீசல் லொறியை உறுமவிட்டு, அதை ஒரு கசற்றில் பதிந்து, சீற்றுக்கு அடியில் ரேப்ரெக்கோடரை வைத்தார்.

காவலரணுக்கு வண்டி கம்பீரமாக உறுமிக்கொண்டு போனது.

"எஞ்சினை நிப்பாட்டுங்க," என்றான் கோப்ரல்.

கிளெமென்ற் சாவியைத் திருப்பி எடுத்தார். எஞ்சின் உறுமியது. பயத்தில் சாவியைக் கோப்ரலின் கையிலேயே கொடுத்தார். எஞ்சின் இன்னும் உறுமியது. இரண்டு சிப்பாய்கள் மண்மூட்டைக்குப் பின்னால் குந்தினார்கள். அப்போது உறுமல் சட்டென்று நின்று, ரொறன்ரோவிலிருக்கும் தங்கைக்கு மாக்ரெட் அதே கசற்றில் பேசி அனுப்பாமல் வைத்திருந்த கடிதம் தொடங்கியது.

"தங்கச்சி, நாங்கள் சுகம். இவர் ஒரு வண்டி வாங்கியிருக்கிறார். அரைவாசித் தூரம் அது இவரைக் கொண்டுபோகுது, அரைவாசித் தூரம் இவர் அதைக் கொண்டுபோறார்."

கோப்ரல் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. கோபத்தில் குலுங்குகிறது என்று கிளெமென்ற் நினைத்தார்.

அடுத்த சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. அன்று ஏனோ மூன்று பற்றரிகளை எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் ஆறு பற்றரியோடு போன வண்டி பம்பலப்பிட்டியில் உச்சி வெயிலில் படுத்துவிட்டது. வேறு வாகனம் பிடித்து வெள்ளவத்தை மண்டபத்துக்குப் போனபோது கேக்கின் மேல்தட்டு கீழ்த்தட்டுக்குள் இறங்கியிருந்தது. மணமகளின் தகப்பன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, இது கேக்கோ, எரிஞ்சு முடிஞ்ச மெழுகுதிரியோ?"

வீட்டில் மாக்ரெட் அழுதாள். கேக்குக்காக அழவில்லை. "ஒருநாள் பற்றரியை வைச்சிட்டு வாறதுக்குப் பதிலா உங்களை வைச்சிட்டு வாங்கோ எண்டு சொல்லுவாங்கள். எனக்கு அந்த வண்டி வேண்டாம்."

மஷூர் முகம் சுளிக்காமல் வண்டியைத் திருப்பி எடுத்து, ஒரு கிழட்டு டீசல் பிக்கப்பைக் கொடுத்தார். கொடுக்கப் போகும் முன் கிளெமென்ற் வெள்ளை வண்டியைக் கழுவித் துடைத்து, கடற்கரைப் பக்கம் ஒருமுறை மாக்ரெட்டை ஏற்றிக்கொண்டு போனார். அலை மட்டும் கேட்டது. பல வருடங்களுக்குப் பிறகும், போன வாகனங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், அவர் அந்தப் பயணத்தைத்தான் சொல்வார்.

திங்கட்கிழமை டீசல் பிக்கப் புகை கக்கிக்கொண்டு காவலரணுக்குப் போனது. கிளெமென்ற் கடதாசிகளை எல்லாம் மடியில் அடுக்கி வைத்திருந்தார். கோப்ரல் ஜயசேன வண்டியைப் பார்த்தான். அவன் முகம் வாடிப்போனது. போ என்று கை காட்டினான்.

கிளெமென்றுக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்சம் தள்ளி நிறுத்தி, இறங்கித் திரும்பி வந்தார். மூன்று மாதப் பயத்துக்கு அவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது.

"சேர், இண்டைக்கு ஏன் சோதிக்கேல்ல? இதிலயும் பற்றரி இருக்குது."

மண்மூட்டைக்கு மேல் சாய்ந்து நின்ற கோப்ரல் பெருமூச்சு விட்டான்.

"டீசல் வண்டியில ஒரே ஒரு பற்றரிதானே ஐயா, அதை எடுத்தா நீங்க வீட்டுக்குப் போறது எப்பிடி? நாங்கதான் இனி கரண்ட் இல்லாத நேரம் டீவியில மெட்ச் பாக்க வேற வழி தேடணும்."