எந்தத் தாடி என் பிள்ளை?

நாச்சாரம், ஹைதராபாத்
ஞாயிறு மாலை

சிரஞ்சீவி ஜகதீசனுக்கு அப்பா அனந்தராமன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் தங்கை ரமணியும் க்ஷேமம். நீ சமுத்திரத்துக்கு மேலே இருக்கிறாயா அடியிலே இருக்கிறாயா என்பது அரசாங்க ரகசியம் ஆகையால், எங்கே இருக்கிறாயோ அங்கேயே க்ஷேமமாக இருக்கும்படி பகவானை வேண்டிக்கொள்கிறேன். அவருக்காவது விலாசம் தெரிந்திருக்கும்.

நிற்க. போன லீவில் நீ ரயிலேறும்போது, "பெண்ணை நீங்களே பாருங்கோப்பா, உங்களுக்குப் பிடிச்சா எனக்கும் சரி" என்று சொல்லிவிட்டுப் போனாய். அதை நம்பிக் குகட்பள்ளி ஹவுஸிங் போர்டு காலனி ராமசுவாமியின் பெண் வேதாவைப் பார்க்க இன்று போய் வந்தோம். பெண் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஜாதகம் பொருந்திவிட்டது. பிள்ளையைத்தான் காட்ட முடியவில்லை. அவர்கள் கேட்டது ஒரே ஒரு போட்டோ. நம்மாத்தில் இருப்பதோ நீ பூணூல் போட்டுக்கொண்டு மொட்டைத் தலையோடு நிற்கிற படம் ஒன்றுதான். என்ன செய்வது என்று உன் அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது தெய்வாதீனமாக உன் கவர் வந்தது. உள்ளே கடுதாசி ஒன்றும் இல்லை, ஒரு போட்டோ, பின்னால் உன் கையெழுத்தில் "எல்லோரும் சௌக்கியம்" என்று மட்டும். படத்தில் ஒரு சுவர், சுவருக்கு முன்னால் ஒரு கும்பல், கும்பல் முழுக்கத் தாடி. தாடிக்கு நடுவே பல் தெரிய அத்தனை பேரும் என்னமோ சிரிப்பு. உன் அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், நான் பார்த்தேன், ரமணி பார்த்தாள், பத்திரமாகப் பைக்குள் வைத்தோம். ஒருத்தரை ஒருத்தர் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. நம்மாத்துப் பிள்ளையை நமக்குத் தெரியாதா என்கிற மிதப்பு.

செகந்திராபாத்தில் பஸ் மாறி, கசங்கிப் போய்க் குகட்பள்ளி போய்ச் சேர்ந்தோம். சொஜ்ஜி, பஜ்ஜி, காபி எல்லாம் முறையாக ஆயிற்று. ராமசுவாமி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதுல மாப்பிள்ளை யாரு?" என்றார். நாங்கள் மூணு பேரும் ஒரே சமயத்தில் விரலை நீட்டினோம். மூணு விரலும் மூணு தாடி மேலே போய் நின்றது.

என் மானம் போச்சுடா. "பெத்தவளுக்குத் தெரியாதா, இதோ கீழ் வரிசையில உட்கார்ந்திருக்கானே, இவன்தான்" என்கிறாள் உன் அம்மா. "அவன் யாரோ சர்தார்ஜிடி, மூக்கைப் பாரு, நம்மாத்து மூக்கு இதோ இங்கே இருக்கு" என்கிறேன் நான். உன் தங்கையோ, "நக்கோ அப்பா, அண்ணா ஏ ஹை" என்று இன்னொருத்தனைக் காட்டுகிறாள். சம்பந்தி வீட்டிலாவது தமிழில் பேசுடி என்றால், "ஹவ்" என்று அதற்கும் ஹைதராபாத் உருதுவிலேயே ஆமாம் போடுகிறாள். நீயே சொல்லு, சொந்தப் பிள்ளை யாருன்னு அடிச்சுக்கற குடும்பத்துக்கு எவன் பொண் குடுப்பான்?

அங்கே ராமசுவாமியின் அக்கா அபயாம்பாள் மாமி என்று ஒருத்தி. அதுவரைக்கும் மூலையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவள், படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "தாடி எதுக்கு வெச்சிருக்கான்? ஆம்படையா கர்ப்பமா இருந்தாத்தானே நம்மளவா தாடி வளர்ப்பா? பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுத்தா?" என்று கேட்டாளே பார்க்கணும்! எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. "அக்கா, எல்லாருமே தாடி வெச்சிருக்கா. அத்தனை பேர் ஆத்துலயும் ஒரே சமயத்துலயா?" என்று ராமசுவாமிதான் காப்பாற்றினார். நல்ல மனுஷன். சப்மரீனுக்குள்ளே தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள், அதனால் க்ஷவரம் கிடையாது என்று நான் விளக்கினேன். "சுத்திவர சமுத்திரம், இவாளுக்கு மட்டும் க்ஷவரத்துக்குத் தண்ணி இல்லையாக்கும்" என்றாள் மாமி. அது உப்புத் தண்ணி, இது முழுகுகிற கப்பல் என்றேன். "ஐயையோ, முழுகிப் போச்சா?" என்று மார்பில் கை வைத்துக்கொண்டாள். முழுகத்தான் சர்க்கார் சம்பளம் கொடுக்கிறது என்று அவளுக்குப் புரியவைப்பதற்குள் என் பிராணன் போய்விட்டது.

இந்த அமளியில் உன் அம்மா பொசுக்கென்று அழ ஆரம்பித்துவிட்டாள். "என் கொழந்தை மொகம் எனக்கே அடையாளம் தெரியலையே" என்று அந்நிய மனுஷர் வீடென்றும் பாராமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுகிறாள். அவளை அதட்டலாம் என்று வாயைத் திறந்தவன், மேல்துண்டால் என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏண்டா, எங்களுக்கு இருக்கிற பிள்ளை நீ ஒருத்தன். எப்பவாவது ஒரு கவர் வருகிறது, அதிலும் நீ எந்தப் பக்கம் இருக்கிறாய் என்று தெரியாமல் நிற்கிறோமே.

அப்போதுதான் அந்தப் பெண் வேதா எழுந்து வந்து படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நாங்கள் மூணு பேரும் காட்டாத நாலாவது ஆளை, பின் வரிசை ஓரத்தில் நிற்கிறவனைக் காட்டி, "காது மாமா காது மாதிரியே விரிஞ்சிருக்கு. இவர்தான்" என்றாள். எல்லோரும் என் காதைப் பார்த்தார்கள், படத்தைப் பார்த்தார்கள். அச்சு அசல்! உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் முதலில் காட்டியதே அவனைத்தான் என்கிறாள். "மாசக் கணக்கா ஒரு தகவலும் இருக்காதே, எப்படிடி இருப்பே?" என்று மாமி கடைசியாக ஒரு குண்டு போட்டாள். "டிரங்க் கால் புக் பண்ணிட்டுக் காத்துண்டிருக்கறவாளோடதானே அத்தை எனக்கு நாள் பூரா வேலை" என்றாள் வேதா. மாமி மறுபடி பஜ்ஜித் தட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். கையோடு தாம்பூலம் மாற்றிக்கொண்டுவிட்டோம். பெண்டாட்டி அமைகிறதற்கு என் காது உனக்கு உதவியிருக்கிறது, மறவாதே.

கரை ஏறியதும் சம்மதம் என்று ஒரு தந்தி கொடு. முகூர்த்தத்துக்குள் தாடியை எடுத்துவிடு. அம்மா வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்கிறாள். ரமணியின் நமஸ்காரம். உன் சகாக்கள் எல்லாத் தாடிகளுக்கும் எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அனந்தராமன்

பி.கு.: அடப்பாவி! கவரை ஒட்டப் போகிற சமயத்தில், போட்டோவுக்கு முன்னாலேயே நீ போட்ட கடுதாசி இன்று திங்கட்கிழமை சாவகாசமாக வந்து சேர்ந்தது. "தனியாகப் போட்டோ ஒன்று அனுப்புகிறேன், அதில் என்னைத் தேடாதீர்கள், படம் எடுத்ததே நான்தான்" என்று எழுதியிருக்கிறாய். ஃபாக்டரிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, தாம்பூலத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவும் தயாராகக் குகட்பள்ளி ஓடினேன். "அப்போ அந்தக் காது யாரோடது?" என்று கேட்ட அபயாம்பாள் மாமி, தன் பேத்திக்கு அந்தப் பையனை விசாரிக்கச் சொல்கிறாள், கோத்திரம் கேட்டு எழுது. வேதா படத்தை வாங்கி இன்னொரு தரம் பார்த்தாள். "எடுத்தவரைப் பார்த்துத்தானே மாமா இத்தனை பேரும் இப்படிச் சிரிக்கறா. எனக்குப் போறும்" என்றாள். படத்தை அவளே வைத்துக்கொண்டுவிட்டாள். அவாளை என்ன சொல்லிச் சிரிக்க வைத்தாய் என்று உன்னை அவளுக்கு நேரே எழுதச் சொன்னாள். விலாசம் பின்பக்கம் இருக்கிறது.